இறகில்லாத அம்பு

ஸ்டீவன் விட்ட அம்பு படகின் பக்கத்தில்கூடப் போகவில்லை. கரையிலிருந்து கிளம்பும்போது நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் வாலை ஆட்டத் தொடங்கி, குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீரில் பாதி முழுகிக் கிடந்த கருவேல மரத்துக்குள் போய் விழுந்தது.

"இன்னொண்ணு விடுங்க," என்றாள் சாராள்.

அடுத்தது இன்னும் மோசம். தூரத்து மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றது.

"அக்கா, அந்த எருமை மேல பட்டா அது கேஸ் குடுக்க நம்மகிட்டதான் வரணும்," என்றான் லோகு. "இந்தப் பக்கம் வேற டிடெக்டிவ் ஆபீஸ் கிடையாது. அப்புறம் நாமளே நம்மளப் புடிக்கணும். பேஜாரு."

சாராள் சிரிக்கவில்லை. தண்ணீருக்கு நடுவே மிதந்த படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு வாழைமரத் துண்டு நின்றது. லோகுவின் பழைய பனியன் அதற்கு மாட்டப்பட்டிருந்தது. பனியனில் ஓட்டை விழுந்தால் புதுசு வாங்கித் தரவேண்டும் என்று அவன் காலையிலேயே சொல்லியிருந்தான். அதற்கு அவசியமே வராது போலிருந்தது.

மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது சாராளின் அலுவலகம். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக விபத்து வழக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள். வண்டி தானாகவே மரத்தில் மோதிக்கொண்டது என்று சொல்லும் மனிதர்களைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போனவள். லோகு அவளுடைய ஓம்னி வண்டியின் டிரைவர். தன்னை அசிஸ்டெண்ட் என்றுதான் எல்லோரிடமும் அறிமுகம் செய்துகொள்வான்.

இந்த வழக்கு அவர்களிடம் வந்த கதை இது.

ஆரணி ஆறு இந்த வருஷம் மழை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கரை மீறியது. பொன்னேரிக்கு வடக்கே வயலும் தாங்கல் ஏரியும் ஒன்றாகி, பார்வைக்கு எட்டிய மட்டும் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுக்கச் சீனாக் கெண்டை. வெங்கடேசன் என்ற நிலக்காரர் தன் குட்டையில் வளர்த்த பெரிய தலை மீன் அது. போன வருஷம் குட்டையின் கரை உடைந்து ஆற்றுக்குள் தப்பியது. இந்த வருஷ வெள்ளத்தில் எங்கும் பரவிவிட்டது. தண்ணீரில் இருக்கும் தீனியையெல்லாம் அதுவே விழுங்கிவிடுவதால் ஊர் மீன்கள் குறைந்துபோயின. வலை போட்டுப் பிடிக்கலாம் என்றால், முழுகிய கருவேல முள்ளில் வலை கிழிந்தது.

அப்போதுதான் பார்த்திபன் வில்லோடு இறங்கினான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். பள்ளி நாட்களில் வில் பழகியவன். வில்லின் முன்பக்கம் ஒரு டப்பாவில் நூலைச் சுற்றி, நூலின் நுனியை அம்பில் கட்டி, மேலே வரும் கெண்டையை அடித்துப் படகுக்கு இழுப்பான். ஒரே தெருவில் வளர்ந்த வரதனுக்கும், அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்டீவனுக்கும் அவனே கற்றுக்கொடுத்தான். ஒரு கம்பெனி அவன் படத்தைப் போட்டு 'ஆற்றின் காவலன்' என்று நெடுஞ்சாலையில் பேனர் வைத்தது. பொங்கலுக்குப் பெரிய போட்டி வைப்பதாகவும் ஏற்பாடு.

போன வாரம் ஒரு மதியம், பார்த்திபனும் வரதனும் ஒரு படகில், ஸ்டீவன் வேறொரு படகில் போனார்கள். கோரைப் புதருக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டீவனுக்கு ஒரு அலறல் மட்டும் கேட்டது. வந்து பார்த்தபோது வரதன் தண்ணீரில் கிடந்தான். வலது தோளின் பின்பக்கம் ஒரு அம்பு. பார்த்திபன் குதித்து அவனைத் தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் தோளில் சுமந்துகொண்டே ரோடு வரை கொண்டுவந்து சேர்த்தான்.

கரையில் நின்ற பச்சையப்பன் ஓடிவிட்டான். அவன் வெங்கடேசனின் குட்டைக்குக் காவல்காரன். முதலாளியின் மீனைப் பற்றிப் பேசியதற்காக இந்த மூவர் மேலும் கல்லெறிந்து சண்டை போட்டவன். தான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்ததாகவும், பச்சையப்பன் கையில் வில் இருந்ததைப் பார்த்ததாகவும் பார்த்திபன் போலீஸில் சொன்னான். மறுநாள் கரையோரப் புதரில் ஒரு மூங்கில் வில் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் அன்புராஜ் பச்சையப்பனைப் பிடித்து உள்ளே வைத்தார்.

வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். அடிபட்ட வரதன்தான் விடவில்லை. பச்சையப்பன் செய்திருக்க மாட்டான், வெளியாள் யாரையாவது வைத்து விசாரிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே பிடிவாதம் பிடித்தான். அவன் மனைவி குணசுந்தரியைப் பார்த்திபனே மீஞ்சூருக்கு அழைத்து வந்தான். படகு, வில், அம்பு, என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதும், பாவம் இவர் நாலு நாளாய்த் தூங்கவில்லை போலிருக்கிறது என்று சாராளே லோகுவிடம் சொன்னாள்.

"ஸ்டீவன், இந்த அம்புல இறகு ஏன் இல்ல?" என்று இப்போது கேட்டாள்.

மீன் அம்புக்கு இறகு வைப்பதில்லை என்றான் ஸ்டீவன். இறகு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அம்பு திரும்பிவிடும். மீனை அடிப்பது கைக்கெட்டும் தூரத்தில்தானே, இறகு எதற்கு என்றான்.

சாராள் தன் கைப்பையைத் துழாவி, பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்தாள். இன்சூரன்ஸ் நாட்களின் மிச்சம். அதிலிருந்து மூன்று பட்டைகள் வெட்டி, அம்பின் வாலில் செலோடேப்பால் ஒட்டினாள்.

"யாரோ ஒருத்தர் விலா எலும்பு பறக்கப் போவுது," என்றான் லோகு.

ஸ்டீவன் இழுத்து விட்டான். அம்பு கோடு போட்டதுபோலப் போய், வாழைத்தண்டில் பனியனோடு சேர்த்துக் குத்தி நின்றது.

"வரதன் தோள்ல இருந்த அம்புக்கு இறகு இல்ல," என்றாள் சாராள். "கையால செஞ்ச மூங்கில் வில்லுல, பச்சையப்பன் நின்ன இந்தக் கரையிலேருந்து, வில்லே புடிச்சுப் பழகாத ஆளு அதை அடிச்சிருக்க முடியாது. அடிச்சவர் ரொம்பக் கிட்ட இருந்திருக்கார்."

ஸ்டீவன் வில்லைக் கீழே வைத்தான். "அப்ப நானு, இல்லன்னா பார்த்தி. அதானே மேடம் சொல்றீங்க?"

சாராள் செலோடேப்பைக் கைப்பைக்குள் போட்டாள்.

"பார்த்தி கிடையாது," என்றான் ஸ்டீவன். "வரதனுக்கு ரத்தம் குடுத்ததே அவன்தான். அவன்னு எழுதுறதுக்கு, நான்னு எழுதிக்கோங்க."

ஓம்னியில் திரும்பும்போது லோகு, தானாக முன்வந்து மாட்டிக்கொள்கிறவன் ஒன்று நல்லவனாக இருப்பான், இல்லை ரொம்பக் கெட்டிக்காரனாக இருப்பான் என்றான். கோரைக்குப் பின்னால் இருந்தவன் என்ன செய்தான் என்று யார் பார்த்தார்கள்? சாராளுக்கும் மனம் அந்தப் பக்கம்தான் போயிற்று. நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவனை நினைத்துப் பார்க்க இருவருக்குமே விருப்பமில்லை.

"அம்பைப் புடிப்போம் லோகு," என்றாள். "ஆளை அப்புறம் பார்ப்போம்."

அம்பில் ஒரு விஷயம் இருந்தது. மூவரும் அடையாளத்துக்காக அம்பின் வாலில் டேப் சுற்றியிருந்தார்கள். பார்த்திபனுக்கு மஞ்சள், ஸ்டீவனுக்கு நீலம், வரதனுக்குச் சிவப்பு. வரதன் தோளில் பாய்ந்தது சிவப்பு. அவனுடைய சொந்த அம்பு. அதற்கு முந்தின வாரம் நூல் அறுந்து, ரயில் பாலத்துக்குக் கீழே ஆற்றோடு போய்விட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தான். பச்சையப்பன் அதைக் கண்டெடுத்திருப்பான் என்பது போலீஸ் கணக்கு.

ஆஸ்பத்திரியில் வரதன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கையின் விரல்கள் மடங்கவில்லை. இனி மடங்குமா என்று டாக்டர்கள் சொல்லவும் இல்லை. சாராள் அம்பைப் பற்றிக் கேட்டதும் அவன் மனைவியைப் பார்த்து, வெந்நீர் வாங்கிவரச் சொன்னான். அவள் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

அம்பு பாலத்தடியில் போகவில்லை என்றான். ஊருக்கு மேற்கே மேட்டில் ஒரு பழைய செங்கல் சூளை இருக்கிறது. மண் எடுத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது. வழியில் ஒதுங்கியபோது அதில் ஒரு சீனாக் கெண்டையைப் பார்த்தான். பெரியது. அடித்தான், பட்டது. ஆனால் நூலை அறுத்துக்கொண்டு அம்போடு ஆழத்துக்குப் போய்விட்டது.

"அங்க வெள்ளமே ஏறல மேடம். ஆத்து மீனு அங்க எப்படி வரும்? யாரோ கொண்டாந்து வுட்டு வளக்கறாங்கன்னு தோணுச்சு. யாருன்னு தெரிஞ்சப்புறம் பசங்ககிட்ட சொல்லலாம்னு பாலத்தாண்டன்னு பொய் சொல்லிட்டேன்."

அம்பு பாய்ந்தபோது யாரையாவது பார்த்தானா என்று சாராள் கேட்டாள். மீனுக்காகக் குனிந்திருந்ததாகச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சூளை ஆளரவமற்றுக் கிடந்தது. பள்ளம் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. நாலு பக்கமும் செங்குத்தாக மண்சுவர். உள்ளே வரும் வாய்க்காலும் இல்லை, வெளியே போகும் வாய்க்காலும் இல்லை.

"இங்க மீனு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்," என்றான் லோகு. "லோக்கல் ட்ரெயின்ல வந்து பொன்னேரியில எறங்கி, ஷேர் ஆட்டோ புடிச்சிருக்கும்."

தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை. லோகு கை தட்டினான், கல் எறிந்தான். ஒன்றும் மேலே வரவில்லை. சாராள் கரையைச் சுற்றி வந்தாள். ஒரே ஓர் இடத்தில் சுவர் சரிந்து, படிபோல இறங்க வசதியாக இருந்தது. அங்கே மண்ணில் கடலைப் புண்ணாக்குத் தூள் சிந்திக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி, நாற்றமடித்துக்கொண்டு ஒரு பெரிய கெண்டையின் மிச்சம். நாய்கள் தின்றதுபோக, முதுகுப் பக்கம் கத்தியால் ஒழுங்காக அறுத்த தடம் மட்டும் தெரிந்தது.

நடந்தது சாராளுக்கு விளங்கிவிட்டது. அம்பு பாய்ந்த மீன் செத்து மிதந்திருக்கிறது. தீனி போட வந்தவன் அதைக் கரைக்கு இழுத்து, அறுத்து, அம்பை எடுத்திருக்கிறான். சிவப்பு டேப்பைப் பார்த்ததும் வரதன் இங்கே வந்துபோனது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆள் யாரோ, அம்பு விட்டவனும் அவன்தான்.

அந்த நேரத்தில் சூளைக்கு அப்பால் ரோட்டில் ஒரு புல்லட் வண்டி போயிற்று. டப் டப் என்ற அந்தச் சத்தம் நெருங்கியபோது லோகு சாராளின் கையைத் தொட்டான்.

பள்ளத்தின் தண்ணீர் கொதித்தது. அடியிலிருந்து கருத்த முதுகுகள் கிளம்பி வந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சரிந்த சுவரின் பக்கமாக நெருக்கியடித்து, அகலமான வாய்களைத் திறந்து திறந்து மூடின. வண்டி தூரமாய்ப் போய்ச் சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக அடியில் மறைந்தன.

"நம்ம ஓம்னிக்கு ஒரு மீனும் வரல," என்றான் லோகு. "புல்லட்டுக்கு மட்டும் மரியாதை."

"தினமும் சாப்பாடு போடறவர் புல்லட்ல வர்றார். சத்தம் கேட்டா நாஷ்டா வந்தாச்சுன்னு அதுங்களுக்குத் தெரியும்," என்றாள் சாராள்.

லோகு துள்ளிக் குதித்தான். ஸ்டீவனிடம் இருப்பது ஸ்கூட்டி. பச்சையப்பனிடம் சைக்கிள். இந்த வட்டாரத்தில் புல்லட்டில் திரிகிற ஒரே பெரிய மனிதர் வெங்கடேசன். மீனும் அவருடையது. ஆற்றில் போனதை வில்லாளிகள் அடித்துத் தீர்த்தால் இங்கே ரகசியமாக வளர்க்கிறார். தன் காவல்காரனே மாட்டிக்கொண்டாலும் கவலையில்லை. வழக்கு முடிந்தது என்றான்.

அம்பு கிட்டத்திலிருந்து அல்லவா வந்தது என்று சாராளுக்கு உறுத்தியது, இருந்தாலும் நேராக வெங்கடேசன் வீட்டுக்குப் போனார்கள். மனிதர் கோபமாகத்தான் வரவேற்றார். பச்சையப்பனுக்காக வக்கீல் வைக்கப் போவதாகச் சொன்னார். புல்லட்டைப் பற்றிக் கேட்டதும் இன்னும் கோபம் வந்தது. வெள்ளம் வந்த அன்றைக்கே இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, அன்றிலிருந்து வண்டி பொன்னேரி மெக்கானிக் கடையில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தார்கள். வண்டி ஒரு சாக்கின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. மெக்கானிக் சாமானுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்.

ஓம்னியில் ஏறி உட்கார்ந்ததும் லோகு சாவியைத் திருப்பவில்லை. சாராளும் கிளம்பு என்று சொல்லவில்லை. குணசுந்தரி அவர்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று, கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்ற வண்டியின் சத்தத்தில் மாடி ஜன்னல் அதிர்ந்தது. இருவருக்கும் ஒரே சமயத்தில் அது ஞாபகம் வந்திருந்தது.

"வேற யாராச்சும் புல்லட் வச்சிருப்பாங்க, அக்கா," என்றான் லோகு. வழக்கமான குரல் இல்லை அது.

"இருக்கலாம். பார்த்துடுவோம்."

அவள் பார்த்திபனுக்குப் போன் போட்டாள். பழைய செங்கல் சூளையில் ஒரு பள்ளம் இருக்கிறதாமே, வரதனின் அம்பு அங்கேதான் தொலைந்ததாம், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். சூளையைத் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் தான் போனதே இல்லை என்றான் பார்த்திபன். பச்சையப்பன் அங்கே வந்து போயிருக்கலாம், நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும் என்றாள். உடனே வருவதாகச் சொன்னான். பிறகு அவள் இன்ஸ்பெக்டர் அன்புராஜைக் கூப்பிட்டாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மீனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றச் சொல்கிறாயா என்று கேட்டார். இருந்தாலும் வந்தார். சூளைச் சுவருக்குப் பின்னால் ஓம்னியை மறைத்து, அதில் உட்கார்ந்துகொண்டார்.

ஸ்டீவனையும் வரச் சொல்லியிருந்தாள். அவன் பள்ளத்தின் எதிர்க்கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை.

பார்த்திபன் வந்தான். புல்லட் ரோட்டிலிருந்து மண்பாதைக்குத் திரும்பியதுமே தண்ணீர் அசையத் தொடங்கியது. அவன் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைக் கோதிக்கொண்டு நடந்து வந்து எட்டிப் பார்த்தபோது, சரிந்த சுவருக்கடியில் மீன்கள் அலைமோதின. வாய்கள் எல்லாம் அவன் நின்ற பக்கமாகத் திறந்திருந்தன.

பார்த்திபன் மீன்களைப் பார்த்தான். சாராளைப் பார்த்தான். கடைசியில் எதிர்க்கரையில் நின்ற ஸ்டீவனைப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் போனதே இல்லன்னு சொன்னீங்க," என்றாள் சாராள். "இதுங்களுக்கு உங்க வண்டியை நல்லாத் தெரியுது."

அவன் சிரிக்க முயன்றான். யாருடைய புல்லட் வந்தாலும் மீன் வரும் என்றான். அது சரிதான் என்றாள் சாராள். ஆனால் யாருடைய புல்லட் வந்தாலும் வரும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். புண்ணாக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று இன்ஸ்பெக்டர் மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார், படகில் வரதனுக்குப் பின்னால் இருந்தது நீங்கள் ஒருவர்தான் என்றும் சொன்னாள்.

பார்த்திபன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு அவன் மறைக்கவில்லை. போன வருஷம் வெங்கடேசனின் குட்டை உடைந்தபோது பிடித்த குஞ்சுகளில் கொஞ்சத்தை, வளர்த்து விற்கலாம் என்று இங்கே கொண்டுவந்து விட்டிருந்தான். ஆற்றில் மீன் குறையும்போதெல்லாம் இங்கிருந்து எடுத்துப்போய் விட்டான். செத்த மீனிலிருந்து சிவப்பு டேப் அம்பை அறுத்தெடுத்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, வரதன் எப்படியும் கண்டுபிடித்துவிடுவான் என்று. அந்த அம்பைப் படகின் பலகைக்கடியில் ஒளித்து வைத்தான். மூங்கில் வில்லும் அவன் போட்டதுதான்.

ஸ்டீவன் பள்ளத்தைச் சுற்றி நடந்து வந்து அவன் எதிரில் நின்றான். "எதுக்குடா?"

"தாங்கல்ல மீனே இல்ல ஸ்டீவா. நாம அடிச்சு முடிச்சுட்டோம். வரதன் எவ்வளவு சந்தோஷமா சொன்னான், இன்னும் ஒரு மாசத்துல ஒண்ணு கூட இருக்காதுடான்னு. அப்புறம் நான் யாரு? கம்பெனி கேட்டுல கார்டைத் தேச்சுட்டு உள்ள போற ஆளு. என் பொண்ணு ஸ்கூல்ல எல்லாரும் என்னைத் தெரியும்ங்கறாங்க. அந்த பேனரைக் கழட்டிடுவாங்கடா." கொஞ்சம் நிறுத்தி, "சாவணும்னு அடிக்கல. தோள்லதான் வச்சேன். பொங்கல் வரைக்கும் படுத்திருந்தாப் போதும்னுதான்," என்றான்.

இறகில்லாத அம்பு ஒரு சாண் விலகியிருந்தால்கூடக் கழுத்தில் பாய்ந்திருக்கும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஸ்டீவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். மூவரும் படகில் நிற்கும் படம் முகப்பில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே வைத்துக்கொண்டு, மண்பாதையில் நடந்து போய்விட்டான். அன்புராஜ் ஓம்னியிலிருந்து இறங்கி வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சாராள் தன்மேலேயே கோபமாக இருந்தாள். காலையில் வாழைத்தண்டில் அம்பு குத்தி நின்ற நிமிஷமே தெரிந்திருக்க வேண்டும். படகில் இருந்தது இரண்டு பேர். அதில் ஒருவன் அடிபட்டான். அவ்வளவு எளிமையான கணக்கு. தன்னுடைய வில்லையும் படகையும் தானே கொண்டுவந்து கையில் கொடுத்த ஒருவன், அவளையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருந்தான். பச்சையப்பனை விட்டுவிட இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டாரா என்று மட்டும் லோகு கேட்டான். சாயங்காலத்துக்குள் வெளியே வந்துவிடுவார் என்றாள்.

குணசுந்தரி கட்டிலருகே ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாராள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"எங்க ஊட்டுச் சாவி அவராண்டதான் இருக்குது மேடம்," என்றாள் பிறகு. "நான் இங்க கெடக்கறேன்னு, புள்ளைங்கள அவருதான் பாத்துக்கினு இருக்காரு. அண்ணா அண்ணான்னு..." மேலே சொல்ல முடியாமல் எழுந்து, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று வெளியே ஓடினாள். லோகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.

வரதன் அழவில்லை. அதிர்ச்சி அடைந்ததாகவும் தெரியவில்லை. போர்வையின் ஓரத்தை இடது கையால் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். சாராள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

அவன் தலையசைத்தான்.

"அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

"பச்சையப்பண்ணன் பாவம் இல்ல?" என்றான் வரதன். "அதுவும் இல்லாம, நான் தப்பாப் பாத்திருப்பேன்னு நெனச்சேன் மேடம். தண்ணி எதையும் இருக்கற எடத்துல காட்டாது. மீனே தெரியற எடத்துல இருக்காது, அதுக்குக் கீழதான் குறி வைக்கணும். அப்போ நான் பாத்ததும் பொய்யாத்தான் இருக்கும்னு... நீங்க போயி வெசாரிச்சு வேற யாரு பேரையாவது சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"தண்ணியில என்ன பார்த்தீங்க?"

வார்டில் யாரோ இருமினார்கள். நர்ஸ் ஒருத்தி வந்து பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள்.

"குனிஞ்சிருந்தேன். எனக்குப் பின்னாடி அவன் எழுந்து நிக்கறது தண்ணியில தெரிஞ்சுது. வில்லை இழுத்துக்கினு நிக்கறான். என் பக்கத்துல ஏதோ பெரிய மீனு வந்திருக்குது போல, அதுக்குத்தான் குறி வைக்கறான்னு நெனச்சேன். நான் அசைஞ்சா மீனு ஓடிடும் இல்ல மேடம்? அவனுக்குக் குறி தப்பக்கூடாதுன்னு மூச்சக்கூட வுடாம இருந்தேன்."